நாலாவது சக்கரம்

"ஒரு பொய்யைச் சொல்லிட்டு, பிறகு அதை உண்மையாக்கிட்டா, அப்பவும் அது பொய்தானா அம்மா?"

உட்காருவதற்கு முன்பே லிங்கதுரை கேட்டுவிட்டார்.

உமையாள் ஜன்னல் கம்பியில் ஈரத்துணியை உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி."

லிங்கதுரை தூத்துக்குடியில் ஐஸ் கம்பெனி நடத்துகிறவர். ஐம்பத்தெட்டு வயது. குரல் பெரிது. கோபம் அதைவிடப் பெரிது.

உமையாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. காரைக்குடிப் பக்கம். கல்லூரியில் தத்துவம் நடத்திக்கொண்டிருந்தவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்தார். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தார். வருகிறவர்களோடு சும்மா உட்கார்ந்திருப்பார். கேட்டால் பதில் சொல்வார். அதுவும் எப்போதாவதுதான்.

மனைவி பொன்செல்விக்குச் சிறுநீரகம் பழுதான மாதத்தில், தூக்கம் கெட்டு அலைந்த லிங்கதுரையை யாரோ இங்கே கூட்டிவந்தார்கள். மகள் வயதுப் பெண்ணைக் கும்பிடுவதா என்று வாசலில் தயங்கி நின்றவர், அன்றைக்கு வீட்டுக்குப் போய் அடித்துப்போட்டதுபோலத் தூங்கினார். அன்றிலிருந்து அவர் வாயில் உமையாள் அம்மாதான்.

"என்ன பொய்?" என்றார் உமையாள்.

"கார்ச் சக்கரத்தைப் பத்தினது."

இதற்கெல்லாமா என்று அந்த முகம் கேட்கவில்லை. அதனால் லிங்கதுரைக்குச் சொல்ல முடிந்தது.

பொன்செல்வியை டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி கூட்டிப்போவதற்கென்றே வாங்கிய கார் அது. வாரன்டி இன்னும் முடியவில்லை. பளபளவென்று அலாய் சக்கரம். போன மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பளபளப்பில் கொப்புளம் கிளம்பியது. விரலால் தட்டினால் உடைந்து உள்ளே வெள்ளை மாவு. அரிப்பு மெல்ல மெல்ல, டயர் உட்காரும் விளிம்புவரை போய்விட்டது. காற்று கசிந்தது.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, வாகைக்குளம் தாண்டி, லாரிகள் பறக்கிற சாலையில் ஸ்டியரிங் தன்னால் ஒரு பக்கம் இழுத்தது. பக்கத்து சீட்டில் பொன்செல்வி சோர்ந்து கண்மூடிக் கிடந்தாள். அவர் எப்படியோ வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தால் டயர் சப்பையாகக் கிடந்தது.

"மறுநாளே ஷோரூமுக்குப் போனேம்மா. கவுன்டர்ல இருந்தவன் ஏறெடுத்தும் பாக்கல. 'கடல்காத்து சார், உப்பு. வெளிக் காரணத்தால வர்ற அரிப்பு வாரன்டியில சேராது'ன்னான்."

"சரி."

"என்ன சரி? கடலை நான்தான் கொண்டாந்து வச்சேனா? இந்த ஊர்லதானே வித்தான்?"

"இதை அவன்கிட்ட கேட்டீங்களா?"

"கத்தினேன்."

உமையாள் தலையாட்டினார்.

"அதுக்கு அவன், ஓரக்கல்லுல உரசியிருப்பீங்க சார், அதுல பெயின்ட் போயிருக்கும்னான். எனக்குப் பொத்துக்கிட்டு வந்துருச்சு. நாலு சக்கரத்தையுமாடே ஓரக்கல்லுல உரசுவேன், நாலும் போச்சுடேன்னு சொல்லிட்டேன்."

"நாலும் போச்சா?"

லிங்கதுரை தரையைப் பார்த்தார்.

"மூணு."

கீழே சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி போயிற்று. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

"கம்பெனிக்குப் போட்டோ அனுப்பச் சொன்னான். மூணை எடுத்தேன். நாலாவதுக்கு, மூணாவதையே வேற பக்கமா நின்னு எடுத்து அனுப்பிட்டேன். இப்ப நாளைக்கு மதுரையில இருந்து கம்பெனி இன்ஜினியர் வாராராம். நாலையும் கழட்டிப் பாப்பாராம்."

"நாலாவது எப்படி இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கும்மா. அதான் பிரச்சினையே!"

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலித்தது என்று அவருக்கே கேட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி டிக்கியில வச்சிருக்கேன். வீட்டுக்குப் போய் அதையும் ஒரு கழுவு கழுவிட்டா நாலும் ஒண்ணாயிரும். நான் கேக்கது நியாயமான பொருள்தானம்மா. மூணு சக்கரம் நெசமாவே போச்சு. பொன்செல்வி உசுரு போகப் பாத்துச்சு. கோவத்துல வந்த ஒத்தப் பொய்யால என் நியாயம் கெட்டுறக் கூடாதுல்லா?"

உமையாள் எழுந்தார்.

"கார் கீழ நிக்குதா?"

"நிக்கு."

"வாங்க."

கார் வேப்பமர நிழலில் நின்றது. லிங்கதுரை முன்பக்கச் சக்கரத்தருகே குனிந்து, கொப்புளங்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். எங்கே ஆரம்பித்தது, எங்கே பரவியது, எந்த இடத்தில் காற்று கசிகிறது.

நிமிர்ந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை.

உமையாள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், வலதுபுறம் பின்சக்கரத்துக்கு எதிரே, தெருவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மாடியில் உட்காருவாரே, அதே மாதிரி. போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"அம்மா, அது நல்ல சக்கரம். கெட்டது இந்தப் பக்கம்."

"தெரியுது."

அவர் எழுந்திருக்கவில்லை.

லிங்கதுரைக்குச் சங்கடமாக இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது வந்துவிடப் போகிறார்கள். வேறு வழியில்லாமல் அவரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் சக்கரத்தைப் பார்த்தார்கள். அதில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

"அண்ணாச்சி."

"சொல்லுங்கம்மா."

"இந்தச் சக்கரம் எந்த ஊர்ல இருந்துச்சு?"

"என்ன கேள்வி இது? வாங்கின நாள்ல இருந்து வண்டியோடதான் இருக்கு."

"மத்த மூணும்?"

"அதுகளும்தான்..."

வாக்கியம் பாதியில் நின்றது.

லிங்கதுரை கை நீட்டிச் சக்கரத்தைத் தொட்டார். வழவழவென்றிருந்தது. இத்தனை வாரமாக அவர் இதைத் தொட்டதே இல்லை. நின்று பார்த்ததுகூட இல்லை. கண்ணில் பட்டபோதெல்லாம் எரிச்சல்தான் வந்தது.

"ஒரே வீதி. ஒரே காத்து," என்றார் மெதுவாக.

உமையாள் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"கடல்காத்துதான் காரணம்னா இதையும்லா தின்னிருக்கணும்!" குரல் உயர்ந்தது. "மூணுலயும் பூச்சு கோளாறு. இதுல மட்டும் ஒழுங்கா பூசியிருக்கான். அம்மா, இது எனக்கு எதிரி இல்ல. சாட்சி!"

துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்திலேயே முகம் விழுந்தது.

"ஆனா இதைக் காட்டணும்னா, போட்டோ பொய்யின்னு நானே சொல்லணுமே."

"ஆமா."

"என்னைக் கள்ளன்னு நெனப்பாரே."

"நெனப்பார்."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க பேசுங்க."

உமையாள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். பிறகு டிக்கிப் பக்கம் போய் நின்றார்.

"அந்த ஆசிட்டை எனக்குக் குடுங்க. மாடிக் கக்கூஸ் கழுவணும்."

பாட்டிலை வாங்கிக்கொண்டு அவர் படியேறிப் போய்விட்டார். லிங்கதுரை நடுத்தெருவில் நின்றார். சிரிப்பும் வந்தது, நாளையை நினைத்தால் பயமும் வந்தது.

வீட்டில் பொன்செல்வி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஆசிட்டையும் விடவில்லை.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லிருங்க."

"உனக்கென்ன, சுளுவா சொல்லுத. அத்தனை பேர் முன்னாடி அசிங்கப்படப்போறது நான்."

"நான் வாரத்துக்கு மூணு தடவ ஊசிக்குக் கைய நீட்டுதேன். நீங்க ஒரே ஒரு தடவ நீட்டுங்க."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவத் தொடங்கினார்.

மறுநாள் ஷோரூமில் கம்பெனி இன்ஜினியர் காத்திருந்தார். பெயர் டென்சிங். நாகர்கோவில் பேச்சு. கையில் டார்ச். முன்பு ஏறெடுத்துப் பார்க்காத கவுன்டர்காரரும் இரண்டு மெக்கானிக்கும் சுற்றி நின்றார்கள்.

டென்சிங் ஜாக்கியைக் கொண்டுவரச் சொல்லி வாயெடுத்தார்.

"அதுக்கு முன்ன ஒண்ணு," என்றார் லிங்கதுரை.

வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்த பேச்சு நாக்கில் வரவில்லை. நேராகவே சொன்னார்.

"நான் அனுப்புன போட்டோவுல நாலாவது பொய். மூணாவதையே ரெண்டு தடவ எடுத்து அனுப்பினேன். நாலும் போச்சுன்னு சொன்னதும் பொய். கோவத்துல சொன்னேன். ஆனா கோவம் ஆறின பிறகும் மாத்திச் சொல்லல. அது என் தப்பு."

கவுன்டர்காரர் உதட்டோரம் சிரித்தார். "நான் அப்பவே நெனச்சேன் சார்," என்றார் டென்சிங்கிடம்.

லிங்கதுரைக்கு ரத்தம் தலைக்கேறியது. வாய் திறந்தது. அந்தக் குரலை அவருக்கு நன்றாகத் தெரியும். ஐஸ் கம்பெனியே நடுங்கும் குரல்.

அதை விழுங்கினார்.

"நெனச்சது சரிதான் தம்பி," என்றார்.

கவுன்டர்காரரின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

டென்சிங் டார்ச்சை அணைத்தார். "இதை எதுக்கு சார் நீங்களா சொல்றிய? நான் பாத்தா தெரிஞ்சிருக்கும். ரிஜெக்ட்டுன்னு எழுதிட்டு போயிருப்பேன்."

"அதான். நீங்க எழுதிட்டுப் போறதுக்கு முன்ன, அந்த நாலாவதைப் பாக்கணும். கெட்டதை எல்லாம் பிறகு பாப்போம். முதல்ல நல்லதைப் பாருங்க."

அவர் நடந்து போய் வலதுபுறம் பின்சக்கரத்தின் முன்னால், சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி. கீழே எண்ணெய்க் கறை. அவர் பார்க்கவில்லை.

டென்சிங் தயங்கினார். பிறகு பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஒரே வீட்டு வாசல்ல நின்ன வண்டி தம்பி. ஒரே ரோட்டுல ஓடுன வண்டி. கழுவுன தண்ணியும் ஒண்ணு. கடல்காத்து மூணை மட்டும் தின்னுட்டு இதை விட்டுருமா?"

குரல் உயரவே இல்லை. லிங்கதுரைக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

டென்சிங் டார்ச்சைப் போட்டார். விளிம்பைத் தடவினார். அப்புறம் நாலையும் கழற்றச் சொன்னார். உட்புறம் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றில் பூச்சு, உரசலே படாத உட்புறத்திலும் தோல் உரிந்தது போலக் கிளம்பியிருந்தது. ஒன்றில் உறுதியாக ஒட்டியிருந்தது.

கவுன்டர்காரர் தானாகவே இன்னொரு விளக்கைக் கொண்டுவந்து பிடித்தார்.

"உரசல் இல்ல. காத்தும் இல்ல. பூச்சுதான்," என்றார் டென்சிங் எழுந்துகொண்டே. "ஆனா சார், மூணுக்குத்தான் எழுதுவேன். நாலு தரமாட்டேன்."

"நாலு நான் கேக்கல."

"முன்ன கேட்டியளே?"

"அது முன்ன."

டென்சிங் சிரித்துவிட்டார். கை நீட்டினார். லிங்கதுரை வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்துக் குலுக்கினார்.

புதுச் சக்கரங்கள் வந்து மாட்டிய அன்று, ஷோரூமிலிருந்து லிங்கதுரை நேரே மாடிக்குத்தான் போனார். படியேறும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"மூணும் புதுசு குடுத்துட்டான் அம்மா! ஒரு பைசா கேக்கல. அந்தக் கவுன்டர்காரத் தம்பி டீ வாங்கிக் குடுத்தான்."

"நல்லது."

"மூணும் என்னமா மின்னுது தெரியுமா! வெயில்ல கண்ணு கூசுது."

உமையாள் தண்ணீர் கொடுத்தார். அவர் அண்ணாந்து குடித்தார்.

"நாலாவது?"

"அது பழையதுதான். அந்த மெக்கானிக் பையன் சொன்னான், 'முன்னாடி ரெண்டும் புதுசா போட்டுருவோம் சார், பாக்க எடுப்பா இருக்கும். பழசு பின்னாடியே இருக்கட்டும்'னு."

"சரி, பின்னாடியே இருக்கா?"

லிங்கதுரை செம்பைக் கீழே வைத்தார்.

"இல்லம்மா. முன்னால இடது பக்கம் மாட்டச் சொல்லிட்டேன். பொன்செல்வி உக்காருற பக்கம்."