மருந்தின் கண்

“மருந்துக்குக் கண் இருக்காம்மா?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

மலை ஆசிரமத்தின் தலைவி குமுதவல்லி அம்மை, துறவு கொள்ளும் முன் மருத்துவராக இருந்தவர். தன் சீடரான ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர்.

ஆவுடையப்பனின் காலில் முள் குத்திச் சீழ் வைத்து, முழங்கால்வரை சிவந்துவிட்டது. காய்ச்சலில் நடுங்கினார். பெனிசிலின் வகை மருந்து எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்ததா, மூச்சுத் திணறியதா என்று அம்மை விசாரித்தார். இல்லை என்று தெரிந்த பிறகே அந்த வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் கொடுத்தார்.

இப்போது காய்ச்சல் விட்டிருந்தது. மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார் ஆவுடையப்பன்.

“எதுக்குக் கண்?”

“எது கிருமி, எது நான்னு அதுக்குத் தெரிய வேண்டாமா? கிருமியைக் கொல்றது என்னை மட்டும் எப்படி விடும்? முழுங்கும்போதெல்லாம் பயமா இருக்கு.”

அம்மை அவரை உள்ளே அழைத்துப் போனார். மருந்தகத்து நுண்ணோக்கியில், கிருமிகள் மிதக்கும் துளி ஒன்றை வைத்தார். அதில் அதே மருந்தைக் கரைத்து விட்டார்.

“உக்காந்து பாருங்க.”

குச்சி குச்சியாகக் கிருமிகள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒன்று நீண்டது. அதன் நடுவில் ஒரு புடைப்பு. புடைப்பு பெருத்துக்கொண்டே போய், சட்டென்று உடைந்தது. அந்த இடத்தில் வெறும் நிழல்.

ஆவுடையப்பன் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை வருஷம் கண்மூடி உட்கார்ந்தும் இப்படியொரு மௌனத்தை அவர் கண்டதில்லை.

“மருந்து அதை அடிச்சிடுச்சா?”

“அடிக்கல. வளர்ற கிருமி தன் சுவரை அங்கங்கே பிரிச்சுப் புதுசாக் கட்டும். மருந்து கட்ட விடாது. அவ்வளவுதான். உள்ளே ஏறுற தண்ணியே அதை வெடிக்க வச்சிடும்.”

ஓரத்தில் ஒன்று அப்படியே கிடந்தது.

“இது ஏன் சாகல?”

“இன்னும் வளரத் தொடங்கல.”

“தொடங்கினா?”

“அப்போ மருந்து அங்கே இருக்கணும்.”

ஆவுடையப்பன் மாத்திரை அட்டையை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். எழுந்து போகவில்லை. குரல் தாழ்ந்திருந்தது.

“நானும்தானேம்மா வளர்றேன். புண் ஆறுது, புதுத் தோல் வருது. என் உடம்பு ஏன் வெடிக்கல?”

அம்மை அவர் காலில் இருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தார். இளஞ்சிவப்பாகத் தோல் மூடிக்கொண்டு வந்தது.

“உங்க உடம்புல எந்த உயிரணுவுக்கும் சுவரே கிடையாது” என்றார்.