சிங்காரத்தின் தலையில் ஒரு போகம்

கீழப்புழுதிக்குடியில் அறிவாளிகளும் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. இது சிங்காரமும் அவன் கூட்டாளிகள் உத்திராபதி, பக்கிரிசாமி, கோதண்டம் மூவரும் சேர்ந்து செய்த காரியத்தைப் பற்றியது. நாலு பேரும் விவசாயத்தில் கெட்டிக்காரர்கள். மற்றதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சிங்காரத்துக்குத் தை பதினெட்டாம் தேதி கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். பெண் பார்க்கப் போனபோது, வயலிலிருந்து நேரே வருவதாகச் சொல்லித் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண் மலர்க்கொடியும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். துண்டுக்கு அடியிலோ நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் வெட்டவெளி. மணவறையில் துண்டோடு உட்கார முடியாதே, அவள் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டால்? இதை நினைத்து நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பாவம், நிஜமாகவே இளைத்துப் போனான்.

ஆவணியில் நாலு பேரும் தஞ்சாவூருக்குப் போய் ஒரு முடி டாக்டரைப் பார்த்தார்கள். பச்சைத் தொப்பி போட்ட பொறுமையான மனுஷர். தடவுகிற மருந்து இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, கையில் ரத்தம் எடுத்துப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவதும் இருக்கிறது என்றார்.

"அவன் ரத்தத்தை அவனுக்கே போடுறதுக்கா பஸ் ஏறி வந்தோம்?" என்றான் பக்கிரிசாமி.

"அதெல்லாம் இருக்கிற முடியைக் காப்பாற்றத்தான். வெறும் இடத்துக்கு நடவுதான் சரி. பின்னந்தலை முடி லேசில் கொட்டாது. அதை வேரோடு எடுத்து முன்னால் நடுவோம். நாற்று பறித்து வயலில் நடுகிற மாதிரிதான்."

விவசாயிகளுக்குப் புரியட்டும் என்று நல்ல மனசோடு சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நாலு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "வரிசைக்கு வரிசை முக்கால் சாண் விடுங்க சார். நெருக்கி நட்டா பூச்சி விழும்" என்றான் உத்திராபதி. முக்கால் சாண் விட்டால் ஒரு வரிசைதான் வரும் என்று அவனுக்குப் புரியவைக்க டாக்டருக்கு அரை மணி நேரம் ஆனது.

நடவு முடிந்தது. டாக்டர் ஒரு பாட்டிலில் உப்புத் தண்ணீரைக் கொடுத்து, நாலு நாளைக்கு அரை மணிக்கொரு தரம் பீச்சியடிக்கச் சொன்னார். மூன்றாவது வாரம் நட்ட முடி கொட்டும், பயப்பட வேண்டாம், வேர் உள்ளே இருக்கும், தைக்குள் நன்றாக வளர்ந்துவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு வந்ததும் பெரிய யோசனை நடந்தது.

"உப்புத் தண்ணி பட்டா நாத்து கருகிடுமேடா" என்றான் பக்கிரிசாமி.

"அதுக்காக டாக்டர் பேச்சை மீற முடியுமா?" என்றான் உத்திராபதி.

கோதண்டம் கண்ணை மூடி யோசித்தான். அவன் யோசித்தாலே எனக்குப் பயம். "அடிக்கத்தானே சொன்னாரு? குடை பிடிக்கக் கூடாதுன்னு சொன்னாரா?"

சொல்லவில்லைதான். நாலு நாள் சிங்காரம் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். அரை மணிக்கொரு தரம் பக்கிரிசாமி குடையின் மேல் பீச்சியடித்தான். டாக்டர் பேச்சையும் மீறவில்லை, பயிரும் பிழைத்தது.

மூன்றாவது வாரம் முடிந்தும் ஒரு முடிகூடக் கொட்டவில்லை. சிங்காரம் இடிந்து போனான். "கொட்டும்னு சொன்னாரேடா. என் நடவு பொய்ச்சுப் போச்சா?" என்று அழுதான். இரண்டு நாள் கழித்துத் தலையணையெல்லாம் முடி. உத்திராபதி தெரு முழுக்கக் கல்கண்டு கொடுத்தான். "சிங்காரத்துக்கு முடி கொட்டிடுச்சு, எடுத்துக்குங்க" என்று அவன் சொன்னதைக் கேட்டு, கை நீட்டியவர்களுக்குச் சிரிப்பதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

கார்த்திகையில் துளிர்த்தது. மார்கழிக் கடைசியில் கருகருவென்று நின்றது. சிங்காரம் போட்டோ எடுத்து, கல்யாண மண்டப வாசலுக்கு ஆளுயர பேனர் அடிக்கக் கொடுத்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை யாரும் பார்த்ததில்லை.

தை பதினேழாம் தேதி காலையில் கோதண்டம் அவனைச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஊர்ல எல்லா வயலும் அறுத்தாச்சு. இது ஒண்ணுதான் நிக்குது."

"டாக்டர் அறுக்கச் சொல்லலையே" என்றான் சிங்காரம். இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான்.

"நாத்து மாதிரின்னு சொன்னாரா இல்லையா? ஆவணியில நட்டுட்டு, தையில அறுக்காம விட்டவன் ஒருத்தனைக் காட்டு."

சிங்காரம் ரொம்ப நேரம் யோசித்தான். ஒருத்தனும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவனும் விவசாயிதானே. கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கண்ணீர் வழிய, சூரியனைக் கும்பிட்டுக்கொண்டு தலையைக் கொடுத்தான். கருக்கரிவாளைத் தீட்டி அடியோடு அறுத்தார்கள்.

மறுநாள் மணவறையில் அவன் குனிந்த தலை நிமிரவில்லை. மலர்க்கொடி வந்து உட்கார்ந்தாள். பார்த்தாள்.

"அப்பாடா! வாசல்ல பேனரைப் பார்த்துட்டு மாப்பிள்ளையை மாத்திட்டாங்கன்னு பயந்தே போயிட்டேன்."

"நான்தான் அன்னிக்குத் துண்டு கட்டியிருந்தேனே!"

"காபி டம்ளரைக் கீழ வைக்கக் குனிஞ்சீங்களே, அப்பவே அவுந்து காதுல தொங்க ஆரம்பிச்சிடுச்சு. நீங்க கிளம்புற வரைக்கும் அங்கதான் தொங்குச்சு. இந்தத் தலையைப் பார்த்துத்தான் சரின்னேன்."

சிங்காரத்துக்கு இப்போது வேறு காரணத்துக்காகக் கண்ணீர் வந்தது. தாலியைக் கட்டினான்.

பந்தியில் டாக்டரும் இருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்ததிலிருந்து அவருக்குப் பாயசம் இறங்கவில்லை. "முடி எங்கேப்பா?" என்று உத்திராபதியைப் பிடித்துக் கேட்டார்.

"அறுத்தாச்சு சார். நல்ல மகசூல். களத்துல காயுது. கோதண்டம் காக்கா ஓட்டிக்கிட்டு இருக்கான், அதான் கல்யாணத்துக்கு வர முடியலை."

சொல்லிக்கொண்டே டாக்டரின் தலையைப் பார்த்தான். அன்றைக்குத்தான் அவர் பச்சைத் தொப்பி இல்லாமல் வந்திருந்தார். மண்டபத்து விளக்கெல்லாம் அந்தத் தலையில் தெரிந்தது. உத்திராபதிக்கு மனசு இளகிவிட்டது. அவர் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னான்:

"கவலைப்படாதீங்க சார். உங்களுக்கு விதைக்கு ஒரு கைப்பிடி எடுத்து வைச்சிருக்கோம். மேட்டூர் அணையில தண்ணி திறக்குற வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க."