யானை வழியில் முள்

காட்டிடம் கேட்டுக்கொண்டு மனிதர்கள் குடியேறிய காலம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு ராஜாவும் இருந்தார். அவருக்குப் பெரிய வேலை கதையின் கடைசியில்தான். இப்போது நமக்கு வேண்டியவர்கள் இரண்டு ஓரகத்திகள்.

மூத்தவள் அலர்மேலு, இளையவள் செங்கமலம். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு பட்டணத்தில் ஒரே சாயப்பட்டறையில் வாழ்ந்தவர்கள். ஆறு வற்றியதும் பட்டறை படுத்துவிட்டது. ராஜா இரக்கப்பட்டு, மலையடிவாரத்தில் அடுத்தடுத்து ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தார்.

"ஒரு வருஷம் கழித்து வருவேன். தோட்டம் பச்சையாக நின்றால் நிலம் உங்களுடையது. இல்லையென்றால் பட்டணத்துக்கே திரும்ப வேண்டியதுதான்" என்றார்.

இரண்டு தோட்டமும் செழித்தால் இரண்டு பேருக்கும் நிலம். இதில் பொறாமைக்கு எங்கே இடம் என்கிறீர்களா? அலர்மேலுவை உங்களுக்குத் தெரியாது!

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். செங்கமலத்துக்கு விழுந்த துண்டில், அலர்மேலுவின் நிலத்தை ஒட்டிய ஓரத்தில், இரண்டு பாறைகளுக்கு நடுவே யானை வழி இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, பலா பழுக்கும் காலத்தில், யானைக் கூட்டம் அந்த வழியாகத்தான் ஆற்றுக்கு இறங்கும்.

"அடைச்சிடாதே தாயி, அது அவங்க பாதை" என்றார்கள் ஊர்க்காரர்கள்.

"சரிங்க" என்றாள் செங்கமலம்.

அலர்மேலு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்ல துண்டாப் பார்த்து எடுத்திருக்கே, போ!"

பிறகு அவரவர் தோட்டம் போட்டார்கள். அலர்மேலு பட்டணத்துத் தெருக்களைப் போல நேர்நேராகப் பாத்தி கட்டினாள். ஒரு புல் தலைகாட்டினால் போதும், பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். செங்கமலத்தின் தோட்டமோ சொன்ன பேச்சுக் கேட்காத தோட்டம். பூசணி கூரைமேல் ஏறியது. பாகல் பூசணிமேல் ஏறியது. அவரைக்கொடி துணி காயப்போடும் கயிற்றையும் விட்டுவைக்கவில்லை. முயல் ஒரு பக்கம் கடித்தது, அணில் ஒரு பக்கம் கொறித்தது. மிச்சமிருந்ததை அவள் பறித்தாள். அந்த மிச்சமே கூடை கூடையாக இருந்தது.

அலர்மேலுவின் வயிறு எரியத் தொடங்கியது.

முதலில் குருவி. செங்கமலத்தின் கிணற்றுமேல் சாய்ந்த ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. காற்றில் அவை ஆடுவதைப் பார்க்க ஊரே வந்தது. 'என் தோட்டத்துக்கு என்ன குறைச்சல்?' என்று அலர்மேலுவுக்கு ஆத்திரம். ஒரு மத்தியானம், செங்கமலம் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மூன்று கூடுகளை அறுத்துக்கொண்டு வந்து தன் முருங்கை மரத்தில் கயிறு போட்டுக் கட்டினாள். கீழே நின்று காத்திருந்தாள். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. கூடுகளில் கட்டெறும்புதான் குடிவந்தது. அவளுடைய குருவிகள் பழைய ஈச்சமரத்திலேயே புதுக் கூடு பின்ன ஆரம்பித்துவிட்டன. 'அவளுடைய குருவிகள்' என்றா சொன்னேன்? அலர்மேலு அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து மயில். செங்கமலத்தின் புதரோரத்தில் ஒரு மயில் தோகை விரித்தது. அதற்கும் ஊர் கூடியது. அலர்மேலு மறுநாளே தன் பாத்திகளுக்கு நடுவில் படி படியாகக் கம்பு இறைத்தாள். மயில்கள் வந்தன. கம்பைத் தின்றன. கம்பு தீர்ந்ததும் கத்தரி நாற்றைத் தின்றன, மிளகாய் நாற்றையும் கிளறிப் போட்டன. தோகையை மட்டும் விரிக்கவில்லை. அலர்மேலு துடைப்பத்தோடு தோட்டம் முழுக்க ஓடினாள். அதைப் பார்க்கவும் ஊர் கூடியது.

"அக்கா, என்கிட்ட நாற்று இருக்கு. தரட்டுமா?" என்று வந்து நின்றாள் செங்கமலம்.

"உன் நாற்று யாருக்கு வேணும்?" என்று சொல்லிவிட்டு, வாங்கியும் கொண்டாள். தோட்டம் மறுபடி பச்சை பிடித்தது. வாங்கிய நாற்றுக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக வந்தது யானை. பலா பழுத்தது. அப்போதுதான் அந்த ஊர் வழக்கம் ஒன்று அலர்மேலுவின் காதில் விழுந்தது. யானைகள் இறங்கும் நாளில், வழி யாருடைய நிலத்தில் இருக்கிறதோ அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஊரார் மாலை போடுவார்களாம். முதல் கரும்பை அவள் கையில்தான் கொடுப்பார்களாம். அவள் அதைப் பாறைமேல் வைத்த பிறகுதான் மற்றவர்கள் வைக்க வேண்டுமாம். அந்த வருஷம் ராஜாவும் அதே நாளில் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

ராஜாவுக்கு முன்னால் செங்கமலத்துக்கு மாலை! அலர்மேலுவுக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டம் பச்சையாக நிற்கிறது, நிலம் கைக்கு வந்த மாதிரிதான் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. யானை வராவிட்டால் மாலை கிடையாது, அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. முந்தின ராத்திரி யாருக்கும் தெரியாமல் இலந்தை முள்ளை வெட்டினாள். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆள் உயரம் அடுக்கினாள்.

விடியற்காலையில் யானைகள் வந்தன. முன்னால் வந்த கிழட்டுப் பெண்யானை முள்ளை முகர்ந்து பார்த்தது. திரும்பிப் போய்விடும் என்றுதானே அலர்மேலு கணக்குப் போட்டாள்? ஆறு கீழே இருக்கிறது, குட்டிக்குத் தாகம், யானை எப்படித் திரும்பும்? அது பக்கத்தில் பார்த்தது. புல் பூண்டு இல்லாமல், நேராக, ராஜபாட்டையைப் போல அலர்மேலுவின் தோட்டம் கிடந்தது. கூட்டம் மொத்தமும் அதில் இறங்கி நடந்தது.

ராஜா வந்தபோது அங்கே தோட்டம் இல்லை, சேறுதான் இருந்தது. அலர்மேலு சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நிபந்தனை நிபந்தனைதான்" என்றார் ராஜா.

செங்கமலம் முன்னால் வந்து கும்பிட்டாள். "மகாராஜா, எங்களுக்குத் தோட்டம் ஒண்ணுதான். நடுவுல வேலியே கிடையாது. என் பக்கம் பச்சையா இருக்கே, அதுல பாதி அக்காவோடது."

"ஆகா, இவளல்லவா ஓரகத்தி!" என்று ஊர் வாயைப் பிளந்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அழுதுகொண்டிருந்த அலர்மேலு சட்டென்று நிமிர்ந்தாள். நிலம் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், இந்த நல்ல பெயரை அவளால் பொறுக்க முடியவில்லை.

"பொய்! நடுவுல வேலி இருக்கு! யானை வழியில முள்ளைப் போட்டது நான். கூட்டை அறுத்தது நான். இவ மட்டும் எதுக்கு நல்லவளா நிக்கணும்? நானும் உண்மை பேசுவேன்!" என்று கத்தினாள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: "எதனால் சொன்னாலும் உண்மை உண்மைதான். இன்னும் ஒரு வருஷம் இரு. ஆனால் யானை புது வழி கண்டுபிடித்துவிட்டது. இனி உன் நிலத்தின் நடுவேதான் நடக்கும். அதற்கு வழி விட்டுப் பயிர் செய்."

அடுத்த வருஷம் பலா பழுத்தது. யானைகள் அலர்மேலுவின் நிலத்தில்தான் இறங்கின. ஊரார் அலர்மேலுவுக்கு மாலை போட்டார்கள். முதல் கரும்பை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அவள் கழுத்திலும் கையிலும் இருந்தது.

அவள் கண் மட்டும் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது.

"கொடுத்து வச்சவ! அவ நிலத்துல ஒரு யானைகூட மிதிக்கலையே" என்று முணுமுணுத்தாள்.

பொறாமைப்படுகிறவர்களுக்கு ஆசைப்பட்டதே கையில் கிடைத்தாலும், அதை அனுபவிக்க மட்டும் முடியாது.