கறுப்புக் கல் இல்லாத பள்ளி

காட்டாற்றின் கரையில் ஒரு நீர்நாய்க் குடும்பம் வாழ்ந்தது. தகப்பன் பெயர் கருமுத்து. தாய் பெயர் பவளக்கொடி. அவற்றுக்கு ஒரே குட்டி, தும்பை.

தும்பைக்குத் தண்ணீர் என்றால் பயம். நீர்நாய்க்குத் தண்ணீர்ப் பயமா என்று சிரிக்க வேண்டாம். எந்த நீர்நாயும் நீந்தத் தெரிந்து பிறப்பதில்லை. யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும். அதையும் ஐப்பசி வெள்ளத்துக்கு முன்பே கற்றுக்கொடுக்க வேண்டும். வெள்ளம் கரையோர வளைகளுக்குள் புகுந்துவிடும். நீந்தத் தெரிந்த குட்டி மேட்டுக்கு வந்து சேரும். தெரியாத குட்டி வராது.

அதற்காகத்தான் காட்டில் இரண்டு பொதுப் பள்ளிகள் இருந்தன. ஒன்று மேல்மடுவில், மற்றொன்று கீழ்மடுவில். அவை சும்மா கிடைத்தவை அல்ல. முந்தைய தலைமுறை மிருகங்கள் புலியின் குகை வாசலில் நாற்பது நாள் பட்டினி கிடந்து கேட்டு வாங்கியவை. அந்தக் கதை இப்போது யாருக்கும் நினைவில்லை. சட்டம் மட்டும் நினைவிருந்தது. எந்த மடுவின் எல்லைக்குள் வளை இருக்கிறதோ, அந்த மடுப் பள்ளியில்தான் குட்டிக்கு இடம்.

கருமுத்துவின் வளை கீழ்மடு எல்லையில், ஒரு நீர்மருதின் வேருக்கடியில் இருந்தது. விசாலமான வளை. வாசலிலேயே மீன். ஆனால் சித்திரை பிறந்ததும் கருமுத்துவுக்குத் தூக்கம் போய்விட்டது. தும்பையைப் பள்ளியில் சேர்க்கும் வயது வந்துவிட்டது.

அது மீன்கொத்தியிடம் போனது. மீன்கொத்திதான் அந்தக் காட்டில் வளை பார்த்துக் கொடுக்கும் தரகர்.

"கீழ்மடுவா?" என்று மீன்கொத்தி மூக்கைத் திருப்பிக்கொண்டது. "அங்கே குட்டியைச் சேர்ப்பதற்குப் பதில் நேரே ஆற்றில் போட்டுவிடலாம். வாங்க, இரண்டு பள்ளியின் பாறையையும் காட்டுகிறேன். நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன் என்றவர்கள் சொல்லும் அளவுக்கு வேறு யாரும் சொல்வதில்லை. வழி நெடுக அது பேசிக்கொண்டே பறந்தது.

ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் ஒரு பாறை இருந்தது. புரட்டாசிக் கடைசியில் பரீட்சை நடக்கும். மடுவை நீந்திக் கடந்த குட்டிக்கு ஒரு வெள்ளைச் சிப்பியைப் பாறைமேல் வைப்பார்கள். வெள்ளத்தில் போன குட்டிக்கு ஒரு கறுப்புக் கல்லை வைப்பார்கள். மேல்மடுப் பாறையில் சிப்பிகள் குவிந்து கண்ணைப் பறித்தன. ஒரு கறுப்புக் கல்கூட இல்லை. கீழ்மடுப் பாறையில் சிப்பிகள் கொஞ்சம். சென்ற வருஷத்துக் கறுப்புக் கற்கள் மட்டும் ஐந்து.

கருமுத்துவுக்கு அது போதுமாக இருந்தது. நீர்நாய்கள் ஒரு புது மடுவை எப்படி மதிப்பிடும் தெரியுமா? தண்ணீரில் இறங்கிப் பார்க்காது. கரைப் பாறையில் கிடக்கும் செதிலைப் பார்க்கும். செதில் கிடந்தால் உள்ளே மீன் உண்டு. பரம்பரை பரம்பரையாக இந்தக் கணிப்புத் தப்பியதில்லை. மீனுக்குப் பார்த்த மாதிரியே பள்ளிக்கும் பார்த்தது கருமுத்து.

பவளக்கொடி அப்படிப் பார்க்கவில்லை. அது கீழ்மடுப் பள்ளிக்கு நேரில் போய்ப் புதர் மறைவில் நின்று பார்த்துவிட்டு வந்தது.

"அங்கே டீச்சர் ஒரு முக்குளிப்பான்" என்றது. "கையளவுப் பறவை. நடுங்குகிற ஒரு கீரிக் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. கொஞ்ச தூரம் போய் மெதுவாக முங்கியது. குட்டி நாலு அடி அடித்தது. உடனே மேலே வந்து மறுபடி தூக்கிக்கொண்டது. இதையே காலை முழுக்கச் செய்துகொண்டிருந்தது. நம்ம தும்பைக்கு அந்த மாதிரி ஒருத்தர்தான் வேண்டும்."

"அந்தக் கையளவுப் பறவைதான் ஐந்து குட்டியைப் பறிகொடுத்தது."

"அந்த ஐந்தும் யார் வீட்டுக் குட்டி என்று கேட்டீங்களா?"

"செத்தது செத்ததுதானே? யார் வீடாக இருந்தால் என்ன?"

"மேல்மடுவில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றாவது பார்த்தீங்களா?"

"பாறையைப் பார்த்தேன்" என்றது கருமுத்து. "பாறை பொய் சொல்லாது."

பாறை பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லவும் இல்லை.

மேல்மடுவில் வளை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. மேட்டு வளைகளை எல்லாம் யார் யாரோ முன்னமே பிடித்திருந்தார்கள். கடைசியில் மீன்கொத்தி ஒரு புங்கமர அடியில் ஒரு பொந்தைக் காட்டியது. தாழ்ந்த வாசல். மூவரும் ஒரே நேரத்தில் திரும்பிப் படுக்க முடியாது. பக்கத்தில் மீன் கிடையாது.

"காற்றோட்டம் குறைவுதான்" என்றது மீன்கொத்தி. "ஆனால் பள்ளி எல்லைக்குள் இருக்கிறது. காற்றையா படிக்க வைக்கப் போறீங்க?"

நீர்மருது வளையை விட்டார்கள். அன்றைக்கே அதில் வேறொரு குடும்பம் ஏறிக்கொண்டது. கருமுத்துவும் பவளக்கொடியும் விடியுமுன் கிளம்பி, ஆற்றின் இரண்டு வளைவு தாண்டிப் போய் மீன் பிடித்து, பொழுது சாயும் நேரத்தில் திரும்பின. தும்பை மேல்மடுப் பள்ளிக்குப் போனது.

"இன்றைக்கு என்ன கற்றாய்?" என்று தினமும் கேட்டது கருமுத்து.

"கரையில் உட்கார்ந்து சிப்பி துடைத்தேன்."

"நீந்தவில்லையா?"

"நீந்தத் தெரிந்தவங்கதான் தண்ணீரில் இறங்கணும் என்று சார் சொன்னார். தெரியாதவங்க எல்லாரும் சிப்பி துடைப்போம். பளபளப்பாகத் துடைத்தால் பாராட்டுவார்."

பவளக்கொடி புருஷனைப் பார்த்தது.

"முதலில் ஒழுக்கம் கற்றுக்கொடுக்கிறார்கள்" என்றது கருமுத்து. "பெரிய பள்ளிகளில் அப்படித்தான்."

ஆனி போனது. ஆடி போனது. ஆவணியும் போனது. தும்பை துடைத்த சிப்பிகளில் முகம் பார்க்கலாம் போல் இருந்தது.

புரட்டாசி பிறந்தபோது தலைமையாசிரியர் கருமுத்துவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஒரு நாமக்கோழி. நெற்றியில் வெள்ளைப் பட்டை, கறுப்பு உடம்பு, எப்போதும் யாரோ வரப்போகிற மாதிரி நிற்பார்.

"உங்கள் பொந்தின் வாசல் எந்தத் திசை?" என்று கேட்டார்.

"தெற்கு, சார்."

"தெற்கு வாசல் வளைகள் எல்லாம் கீழ்மடு எல்லை. முந்தாநாள் எல்லைக்குழு கூடி முடிவு செய்தது."

"சித்திரையில் இது மேல்மடு எல்லையாக இருந்ததே, சார்."

"சித்திரையில் இருந்தது. நாளையிலிருந்து குட்டி கீழ்மடுவுக்குப் போகட்டும். சட்டத்தை மீறி நான் யாருக்கும் இடம் தர முடியாது. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது."

"தெற்கு வாசல் வைத்த முள்ளம்பன்றியின் குட்டியும் போகிறதா?"

நாமக்கோழி சற்று யோசித்தார். "அது நன்றாக நீந்துகிறது. அதன் வாசல் தென்கிழக்கு."

கருமுத்து நேராக முள்ளம்பன்றியிடம் ஓடியது. "அண்ணே, இது அநியாயம். நாம் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்போம். பொதுப் பள்ளி இது. அவர் வீட்டுச் சொத்தா?"

முள்ளம்பன்றி ஒரு கிழங்கைக் கடித்துக்கொண்டே கேட்டது. "கருமுத்து, உன் குட்டி சிப்பி துடைக்கிறது. என் குட்டி நீந்துகிறது. நாலு பேர் என்கிறாய். முதலில் இரண்டாவது ஆளைத் தேடு."

"உன் குட்டிக்கு நாளைக்கு வந்தால்?"

"நாளைக்கு வந்தால் நாளைக்கு வந்து உன் வாசலில் கத்துகிறேன். இன்றைக்குக் கத்தினால் தென்கிழக்கு தெற்கு ஆகிவிடும்."

அன்று கருமுத்து பதினோரு வாசல்களில் ஏறி இறங்கியது. பதினோரு வாசல்களும் அனுதாபப்பட்டன. ஒன்றுகூட எழுந்து வரவில்லை.

மறுநாள் பவளக்கொடி தும்பையைக் கீழ்மடுவுக்குக் கூட்டிப்போனது. கருமுத்து தலையைத் தொங்கப்போட்டுப் பின்னால் போனது. முக்குளிப்பான் டீச்சர் தும்பையைச் சுற்றிவந்து பார்த்தது. பாதங்களைத் தூக்கிப் பார்த்தது.

"மேல்மடுவிலிருந்தா?"

"ஆமாம், டீச்சர்."

"ஐந்து மாதத்தில் ஒருமுறைகூடத் தண்ணீரில் இறங்கியதில்லையா?"

"இல்லை, டீச்சர்" என்றது தும்பை. "நான் சிப்பி நன்றாகத் துடைப்பேன்."

டீச்சர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "சென்ற வருஷமும் புரட்டாசியில்தான் ஐந்து பேரை அனுப்பினார்கள்" என்றது. "சித்திரையில் என்னிடம் சேர்ந்த ஒரு குட்டியையும் நான் இதுவரை ஆற்றுக்குக் கொடுத்ததில்லை. புரட்டாசியில் வருகிறவர்களுக்குத்தான் எனக்கு நாள் போதுவதில்லை."

கருமுத்து பாறையைத் திரும்பிப் பார்த்தது. ஐந்து கறுப்புக் கற்களும் அங்கேயே இருந்தன. அவை மேல்மடுவின் கற்கள் என்று இப்போதுதான் அதற்குத் தெரிந்தது.

"காட்டுச் சபையில் நீங்கள் இதைச் சொல்லவில்லையா, டீச்சர்?"

"நாலு வருஷமாகச் சொல்கிறேன். தோற்ற பள்ளி சாக்குச் சொல்கிறது என்கிறார்கள். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. ஏறு குட்டி, முதுகில்."

அன்றிலிருந்து டீச்சர் தும்பையை விடவில்லை. முதல் மூன்று நாள் தும்பை கண்ணை மூடிக்கொண்டு அழுதது. ஐந்தாம் நாள் கால் அடித்தது. பத்தாம் நாள் டீச்சரின் முதுகை விட்டு ஒரு நாணல் தூரம் தானே போய்த் திரும்பியது. வீட்டுக்கு வந்து அதைப் பத்துத் தடவை சொன்னது. பரீட்சையில் மடுவைக் கடக்க அதனால் முடியவில்லை. அதற்காக டீச்சர் அதை விரட்டவும் இல்லை.

"பாதி தூரம் போகிறாள்" என்றது டீச்சர். "இன்னும் ஒரு மாதம் கொடுங்கள். மீதியையும் கொடுத்துவிடுகிறேன்."

ஒரு மாதத்தை ஆறு கொடுக்கவில்லை.

ஐப்பசி நாலாம் நாள் மலையில் மழை கொட்டியது. கரையில் வெயில் அடித்தது. கருமுத்துவும் பவளக்கொடியும் இரண்டு வளைவு தாண்டி மீன் பிடித்துக்கொண்டிருந்தன. அன்று பள்ளிக்கு விடுமுறை. தும்பை பொந்துக்குள் தனியாக இருந்தது. நடுப்பகலில் செந்நிறத் தண்ணீர் ஒரே மூச்சில் வந்தது. மேட்டு வளைகளின் வாசலைத் தொட அதற்கு நேரம் பிடித்தது. தாழ்ந்த வாசலுக்குள் உடனே புகுந்தது.

தும்பை பொந்தைவிட்டு வெளியே வந்தது. கற்றுக்கொண்டபடி கால் அடித்தது. மேட்டிலிருந்து முள்ளம்பன்றி பார்த்தது. குட்டி நன்றாகத்தான் நீந்தியது என்று பிற்பாடு அதுவே சொன்னது. பாதி தூரம் வந்ததாம். அதற்குப் பிறகு எப்படி நீந்துவது என்று குட்டிக்குத் தெரியவில்லையாம்.

பொழுது சாயும் நேரத்தில் தாயும் தகப்பனும் வந்தபோது பொந்து இருந்த இடத்தில் நுரை ஓடிக்கொண்டிருந்தது. முக்குளிப்பான் டீச்சர் மூன்று நாள் முங்கி முங்கித் தேடியது.

வெள்ளம் வடிந்ததும் காட்டுச் சபை கூடியது. மேல்மடுப் பள்ளியில் இந்த வருஷமும் உயிர்ச்சேதம் இல்லை என்று அறிவித்தது. நாமக்கோழிக்குத் தாமரை இலையில் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. கீழ்மடுவில் டீச்சர் ஒரு கறுப்புக் கல்லை அலகால் உருட்டிக்கொண்டு போய்ப் பாறையில் ஏற்றியது. பவளக்கொடி அந்தக் கல்லருகே உட்கார்ந்தது. கருமுத்துவோடு அது பேசவில்லை. கருமுத்துவும் பேசச் சொல்லவில்லை.

சித்திரை வந்தது. கருமுத்து மேல்மடுப் பாறைக்கு எதிரே போய் நின்றுகொண்டது. வருகிறவர்களை எல்லாம் மறித்தது. ஒருநாள் மீன்கொத்தி ஓர் இளம் நீர்நாய் ஜோடியை அழைத்துக்கொண்டு வந்தது.

"தம்பி, சிப்பியைப் பார்க்காதே" என்றது கருமுத்து. "புரட்டாசியில் இங்கிருந்து எத்தனை குட்டியை அனுப்புகிறார்கள் என்று கேள். அந்தக் குட்டிகள் எங்கே என்று கேள்."

இளம் நீர்நாய் மரியாதையாகத்தான் நின்று கேட்டது. "உங்கள் குட்டி எந்தப் பள்ளி, ஐயா?"

 "கீழ்மடு" என்றது கருமுத்து.

"அதுதானே பார்த்தேன்" என்றது மீன்கொத்தி.

இளம் ஜோடி ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டது. பிறகு, சித்திரை பிறந்ததும் மறுபடி மேல்மடு எல்லைக்குள் வந்துவிட்ட, தாழ்ந்த வாசல் வைத்த புங்கமரத்துப் பொந்தைப் பார்க்கப் போனது.

பள்ளியைப் பார்த்துக் குடியேறப் போகிறவர்கள் அங்கே தேறியவர்களை எண்ணிவிட்டுத் திரும்பக் கூடாது. அங்கிருந்து வெளியே அனுப்பப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க வேண்டும். கேட்காதவர்களின் பிள்ளைகளே அடுத்து அனுப்பப்படுவார்கள்.