திமிங்கலத்துக்கு வாரிசு யார்?

ஆழிப்பட்டினத்து விரிகுடாவில் ஏற முடியாத குதிரை உண்டு, கறக்க முடியாத பசு உண்டு, தொட்டால் கோபித்துக்கொண்டு பந்தாக உப்பும் பேத்தை மீனும் உண்டு. அந்த வருஷம் புயல் ஓய்ந்ததும் செத்த திமிங்கலம் ஒன்றும் கரை ஒதுங்கியது.

புயலில் படகுகளைப் பறிகொடுத்த குப்பத்துச் சனங்களுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. திமிங்கலத்தின் வயிற்றில் அம்பர் என்ற வாசனைப் பொருள் இருக்கும். அத்தர் வியாபாரிகள் அதற்குப் பொன்னைக் கொட்டுவார்கள். விற்றால் எல்லோருக்கும் புதுப் படகு கட்டிவிடலாம்.

கருவூல அமைச்சர் சடையப்பருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"கடல் தங்களுடையது, மகாராஜா. கடலில் செத்தது மட்டும் யாருடையதாம்?"

அரசர் திருமேனிராயர் தலையாட்டினார். தலையாட்டுவது அவருக்குச் சுலபமான வேலை. 'திமிங்கலத்தின் சொத்துக்கு அரசரே வாரிசு. வேறு யாரும் கை வைக்கக் கூடாது' என்று பறையறைந்தார்கள். அம்பர் எடுக்கப் போன காவலர்கள் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

கடல்காற்று வாங்கக் கட்டிய அரண்மனை. சன்னல்களையெல்லாம் சாத்த வேண்டியதாயிற்று. மீன் இல்லாமல் சோற்றைத் தொடாத அரசரின் இலையில் கத்திரிக்காய் விழுந்தது. படகு மிஞ்சியவர்களும் கடலுக்குப் போகவில்லையாம். என்னவென்று பார்த்துவர, அரசவை விகடன் அம்பலவாணனை அனுப்பினார்.

குப்பத்தில் ஓர் அடுப்பும் எரியவில்லை. பிள்ளைகள் பச்சரிசியை மென்றுகொண்டிருந்தார்கள். தலைவர் உலகடியான் எழுந்து வந்தார்.

"சாவு விழுந்த ஊருல அடுப்புப் பத்த வைப்போமாய்யா? திமிங்கலம் எங்க கடலாத்தா பெத்த பிள்ளை. பொணத்தை எடுத்தாத்தான் அடுப்பு எரியும், படகு எறங்கும்."

"எடுக்க வேண்டியதுதானே?"

"நாங்க எப்படி எடுக்க? சொத்துக்கு வாரிசு எவரோ அவருதானே காரியம் செய்யணும். அதான் பறையடிச்சுச் சொல்லிட்டீகளே."

"என்னென்ன காரியம்?" என்று கேட்டான் அம்பலவாணன். உலகடியான் சொன்னார். ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டு கிளம்பினான்.

சபைக்குத் திரும்பியபோது அவன் தோளில் ஒரு மண்குடம். கூடவே நாவிதர்.

"இவர் எதற்கு?" என்றார் அரசர்.

"தங்களுக்குத்தான், மகாராஜா. வாரிசு தலையும் மீசையும் மழித்து, ஈர வேட்டியோடு திமிங்கலத்தை மூன்று சுற்றுச் சுற்றிக் குடம் உடைக்க வேண்டுமாம். கொஞ்சம் பெரிய உடம்பு. இப்போதே கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் சுற்றிவிடலாம்."

அரசரின் கை தானாக மீசைக்குப் போயிற்று. "ஒரு மீனுக்கு நான் மொட்டை போடுவதா?"

"கட்டாயமில்லை. சொத்தை வாங்கிக்கொண்டு காரியம் செய்யாமல் விட்டார் என்று நாலு பேர் பேசுவார்கள், அவ்வளவுதான். இளவரசியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதிலும் விழும்."

அரசர் சாத்திய சன்னலைப் பார்த்தார். "நான் உரிமையை விட்டுக்கொடுத்தால்?"

"உலகடியான் இன்றே மொட்டை போடுவார். ஆனால் அம்பரும் குப்பத்துக்குத்தான் போகும்."

"போகட்டும். விட்டுக்கொடுத்தாயிற்று."

சடையப்பர் பதறி எழுந்தார். "அவசரப்படாதீர்கள், மகாராஜா. எவ்வளவு பெரிய சொத்து! போவது முடிதானே? ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும்."

அம்பலவாணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நாவிதரும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார், மகாராஜா. வேலை கொடுக்காமல் அனுப்புவது மரியாதையாக இருக்காது."

அரசருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. தம் கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றி அம்பலவாணனிடம் கொடுத்தார். பிறகு அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"உட்காரும், சடையப்பரே. ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும்."