கடைசிச் சொல் மட்டும்

முன்னொரு காலத்தில், குடிமக்களின் குரல் நேரே காதில் விழுந்தால் தன் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைத்த ஓர் அரசன் இருந்தான். யார் எதைச் சொல்ல வந்தாலும் வாசலில் நிற்கும் விடங்கர் என்ற அதிகாரியிடம்தான் சொல்ல வேண்டும். அவர் உள்ளே போய் அரசனிடம் எடுத்துரைப்பார். அரசனின் பதிலும் இன்னொரு வாய் வழியாகத்தான் வெளியே வரும். இப்படியும் ஓர் ஆட்சி நடந்தது.

ஒருநாள் தண்ணீர் எட்டாத கடைமடை ஊரிலிருந்து நீலி என்பவள் வந்து விடங்கர் காலில் விழுந்தாள்.

"மதகைத் திறந்து விடுங்க சாமி. இல்லேன்னா உயிர் போயிரும்."

மதகுக்கு மேலே இருந்த வயல்களெல்லாம் விடங்கருடையவை; மதகு மூடியிருந்தால் தண்ணீர் முழுவதும் அவற்றுக்குத்தான். அவர் உள்ளே போய், "மதகைத் திறந்து விடுங்கள், இல்லையென்றால் உயிர் போய்விடும் என்று ஒருத்தி மிரட்டுகிறாள், அரசே" என்றார். அவள் சொன்னதை அப்படியே சொன்னவர், 'மிரட்டுகிறாள்' என்பதை மட்டும் தாமாகச் சேர்த்துக்கொண்டார். பாவி மனிதர். அரசன் அவளுக்கு மரண தண்டனை விதித்தான்.

அவள் அழுததை வாசலிலும், விடங்கர் சொன்னதை உள்ளேயும் நின்று கேட்டவன் விகடகவி சாத்தன். அவன்மேல் அரசனுக்கு இருந்த பிரியம் விடங்கரின் கண்ணை வெகுநாளாக உறுத்தியது. தண்டனையைச் சாத்தனே கொண்டுபோகட்டும் என்று அவர் எடுத்துக் கொடுத்தார்.

"அவள் தலையை எடு. இதைப் போய் வாள்காரனிடம் சொல். என் சொல்லில் ஒன்று மாறினாலும் உன் தலையும் போகும்" என்றான் அரசன்.

சாத்தன் கொலைக்களத்துக்குப் போனான். "அவள் தலையை எடு என்று அரசர் உன்னைக் கெஞ்சுகிறார்" என்றான்.

வாள்காரன் குழம்பிப் போனான். "ஆணைன்னா வெட்டிருவேன். கெஞ்சுனா அது மனுவாச்சே. மனுவச் சபையிலதான் குடுக்கணும்" என்று வாளை உறையில் போட்டு, சாத்தனையும் நீலியையும் சபைக்கே கூட்டி வந்துவிட்டான்.

"நானா கெஞ்சினேன்?" என்று அரசன் கொதித்தான்.

"தங்கள் சொல்லில் ஒன்றும் மாறவில்லை, அரசே. கடைசிச் சொல் மட்டும் என்னுடையது. விடங்கர் தினமும் செய்வதை நான் இன்று ஒருமுறை செய்தேன். இவள் சொல்வதைத் தாங்களே கேளுங்கள்" என்றான் சாத்தன்.

நீலி அதே வார்த்தைகளைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை குரல் உடைந்தது. விடங்கர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாள்காரனிடம் தான் கெஞ்சிய அழகை நினைத்து அரசன் வாய்விட்டுச் சிரித்தான். சபையும் சிரித்தது. சிரிப்பின் நடுவே அவனுக்கு ஏதோ நினைவு வந்தது. போன மாதம் ஒருவன் இப்படியே மிரட்டியதாக விடங்கர் சொன்னாரே, அவன் யார் என்று கேட்டான்.

"என் வீட்டுக்காரருங்க" என்றாள் நீலி.

சிரிப்பு நின்றது. அவன் தலை போய் இருபது நாளாகியிருந்தது.

விடங்கரைச் சிறையில் அடைத்தார்கள். மதகு அன்றே திறந்தது. அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தன் கழுத்தில் போட்டு, "நான் மன்னிப்புக் கேட்டதாக அவளிடம் சொல்" என்றான் மெதுவாக.

சாத்தன் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"அதை நான் எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும், அரசே. அவள் பத்தடி தூரத்தில்தான் நிற்கிறாள்."

அரசன் சிம்மாசனத்தை விட்டு எழுந்தான். அந்தப் பத்தடியை நடக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது.