காதுக்குள் ஒரு கச்சேரி

பொட்டல் ஓரத்துக் காரைப் புதரில் மருதாயி என்ற முயல் குடியிருந்தாள். குட்டி போட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை. நாலு குட்டிகள், நாலுக்கும் நல்ல பசி!

பால் ஊற வேண்டுமானால் பச்சைப் புல் வேண்டும். அந்தக் கோடையில் பச்சைப் புல் குளத்தங்கரையில் மட்டும்தான் இருந்தது. புதருக்கும் குளத்துக்கும் நடுவே வெறும் பொட்டல். ஒளிய ஒரு செடி கிடையாது. பாதி வழியில் ஒரு கறையான் புற்று, அவ்வளவுதான்.

அந்தப் பொட்டலில் மூக்கன் என்று ஒரு நரி திரிந்தான். அவனுக்கு வயசாகிவிட்டது. முட்டி வலி வேறு.

"ஓடுகிற முயலை இனி நான் பிடிக்க முடியாது. நிற்கிற முயல் ஒன்று கிடைத்தால் போதும்!" என்று காத்துக் கிடந்தான்.

மருதாயியோ நிற்கிறதிலே கெட்டிக்காரி! காலையில் கிளம்புவாள். நாலு தாவு தாவுவாள். புற்றடிக்கு வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவாள். குட்டிகளின் பசி நினைவுக்கு வரும். ஆனாலும் கால் எழும்பாது. தூரத்தில் மூக்கன் தலை தெரிந்ததும் புல் மேயாமலே புதருக்குத் திரும்பிவிடுவாள்.

அதே புதரில் சில்லான் என்று ஒரு சில்வண்டு இருந்தார். பெரிய பாட்டுக்காரர். தன்னை விட்டால் காட்டில் சங்கீதமே இல்லை என்ற நினைப்பு அவருக்கு.

"என்னம்மா மருதாயி, புற்றடியிலேயே குடித்தனம் வைத்துவிடுவாய் போலிருக்கிறதே!" என்றார்.

"கால் வரமாட்டேன் என்கிறது அண்ணே!"

"காலுக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் சலித்துக்கொள்கிறது. நான் உன் காதில் உட்கார்ந்து பாடுகிறேன். பாட்டோடு ஓடு!"

"காதிலா? கூசுமே!"

"கூசினால் சிரித்துக்கொண்டே ஓடேன்! யார் வேண்டாம் என்றது?"

மறுநாள் விடிந்ததும் சில்லான் காதில் ஏறி உட்கார்ந்தார். "கிர்ரிக் கிர்ரிக் கிர்ரிக்!" என்று இறக்கையை உரசினார். மருதாயி பாய்ந்தாள். புற்று வந்தது, போனது. அது போனதே அவளுக்குத் தெரியவில்லை! குளத்தங்கரையில்தான் நின்றாள்.

"அட, வந்துவிட்டேனே அண்ணே!"

"பின்னே? பாடியது யார்?" என்று மீசையைத் தடவிக்கொண்டார் சில்லான்.

அன்று முதல் தினமும் இதே கதைதான். போகும்போது ஒரு பாட்டு, வரும்போது ஒரு பாட்டு. குட்டிகள் கொழுகொழுவென்று ஆயின. மூக்கன் தூரத்திலிருந்தே பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

ஆனால் நல்ல பழக்கத்திலும் ஒரு கோணல் வந்து சேர்ந்தது. ஒரு நாள் விடியலில் தூறல் விழுந்து சில்லானின் இறக்கை நனைந்துவிட்டது. "இன்றைக்குப் பாட்டு வராதம்மா. நீயே போய் வா" என்றார்.

"பாட்டு இல்லாமலா? நான் ஓடினாற்போலத்தான்!" என்று மருதாயி கால் நீட்டிப் படுத்துவிட்டாள். இறக்கை காய உச்சிப்பொழுது ஆனது. அதுவரை குட்டிகள் பசியில் கத்தின. அப்போதும் அவளுக்குப் புத்தி வரவில்லை. "தூறல்தான் கெடுத்துவிட்டது" என்று தூறலைத் திட்டினாள்.

இந்தக் கூத்தையெல்லாம் மூக்கன் பார்த்துக்கொண்டே இருந்தான். சில்வண்டுகளின் மேல் அவனுக்கு வெகுநாள் கோபம். அவன் காலடி மண்ணில் பட்டதும் சில்வண்டுகள் கப்பென்று வாயை மூடிக்கொள்ளும். அந்தக் குலத்துக்கே அதுதான் வழக்கம். எத்தனையோ வேட்டை அந்த அமைதியால் கெட்டுப்போயிருக்கிறது. இப்போது அதே வழக்கம் தனக்கு உதவும் என்று அவனுக்குத் தோன்றியது.

"பாட்டு இல்லாவிட்டால் இவள் ஓடமாட்டாள். நான் பக்கத்தில் போனால் அவர் பாடமாட்டார். அடடா! நான் துரத்தவே வேண்டாமே!"

மறுநாள் காலை மூக்கன் புற்றுக்குப் பின்னால் படுத்துக்கொண்டான். மருதாயி வயிறு நிறைய மேய்ந்துவிட்டுப் பாட்டோடு திரும்பி வந்தாள். புற்று நெருங்கியது. மூக்கன் எழுந்து காலைத் தரையில் ஓங்கி மிதித்தான்.

பாட்டு நின்றது. மருதாயியும் நின்றாள்!

"என்ன அண்ணே? பாதியில் விட்டுவிட்டீர்களே!"

சில்லான் இறக்கையை மடக்கிக்கொண்டு காது மடலுக்குள் ஒடுங்கினார்.

"பாடுங்கள் அண்ணே! குட்டிகள் காத்துக்கொண்டிருக்கும். இப்படி நடு வழியில் விட்டால் நான் எப்படிப் போவது?" என்று நின்ற இடத்திலேயே சண்டை பிடித்தாள்.

மூக்கன் ஓடவில்லை. முட்டி வலிக்குமே! ஆற அமரப் புற்றைச் சுற்றி அவள் பின்னால் நடந்து வந்தான்.

"அவர் இனிப் பாடமாட்டார் தாயே. நீ அப்படியே நில்!" என்றான்.

மருதாயி திரும்பிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் நரி! எதிரே காரைப் புதர் தெரிந்தது. அங்கே நாலு குட்டிகள். தான் போகாவிட்டால் அந்த நாலுக்கும் யார் இருக்கிறார்கள்?

"பாட்டு நாசமாய்ப் போகட்டும்!" என்று கத்திக்கொண்டே பாய்ந்தாள்.

மூக்கனின் வாய் 'லபக்'கென்று மூடியது. வாலிலிருந்து ஒரு கொத்து மயிர் போய்விட்டது. அவள் நிற்கவில்லை. முதல் தாவு கல்லைக் கட்டியதுபோல் கனத்தது. இரண்டாவதும் அப்படித்தான். பிறகு காலடியில் ஒரு சத்தம் கேட்டது. "தட்டக் தட்டக் தட்டக்!" அவளுடைய கால் சத்தம்தான்! இத்தனை நாள் பாட்டில் அது காதில் விழவே இல்லை. அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு ஓடினாள். புதருக்குள் போய் விழுந்தாள். குட்டிகள் வந்து மொய்த்துக்கொண்டன. அவற்றை நக்கி நக்கி அழுதாள்.

சில்லான் காதிலிருந்து இறங்கினார்.

"மன்னித்துவிடு மருதாயி. பயத்தில் இறக்கை ஒட்டிக்கொண்டது."

"நாசமாய்ப் போகட்டும் என்று சொல்லிவிட்டேனே, நீங்கள்தான் மன்னிக்க வேண்டும் அண்ணே. ஆனால் தாளம் இல்லாமல் எப்படி ஓடினேன் என்றுதான் தெரியவில்லை."

சில்லான் தொண்டையைச் செருமினார். பாட்டுக்காரருக்கு இதைச் சொல்வது லேசா?

"ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எந்தத் தாளத்தில் பாடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் கால் சத்தத்தைக் கேட்டேன். அதற்குத் தக்கபடி பாடினேன். இன்றுவரை தாளம் போட்டது நீதான். நான் பின்னால் பாடி வந்தேன், அவ்வளவுதான்!"

"அடப்பாவி அண்ணே! இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மருதாயி கண்ணீரோடு சிரித்தாள்.

மறுநாளும் சில்லான் காதில் ஏறினார். பாட்டோடு ஓடுவது சுகமாய்த்தானே இருக்கிறது, அதை ஏன் விட வேண்டும்? மூக்கன் அன்றும் புற்றுக்குப் பின்னால் காத்திருந்தான். காலை ஓங்கி மிதித்தான். பாட்டு கப்பென்று நின்றது.

"ஓகோ, வந்துவிட்டாயா!" என்று மருதாயி வேகத்தை இரண்டு மடங்காக்கினாள். மூக்கன் வாயில் புழுதிதான் விழுந்தது. அதன் பிறகு அவன் அந்தப் பொட்டலுக்கு வரவில்லை.

கூட வரும் பாட்டு ஓட்டத்தை இனிதாக்கும். ஆனால் பாட்டு நின்றாலும் ஓடத் தெரிந்தவனே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவான்.